ஓரறிவு உயிரும் உண்ணிச்செடியும்

மழைக்காலத்திலும் ஊர் ஊராக நடந்த துறவிகளைப் பார்த்து மக்கள் குறைபட்டுக்கொண்டதை, பௌத்தத் துறவு விதிகளின் தொகுப்பான விநயபிடகம் பதிவு செய்திருக்கிறது. பச்சைப் புல்லை மிதிக்கிறார்கள், ஓரறிவு உயிரை வதைக்கிறார்கள் என்பதே குறை. அதன் பிறகுதான் புத்தர் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கும் நெறியை வகுத்தார். சமணத் துறவிகள் இன்றும் மழைக்காலத்தின் நான்கு மாதம் பயணம் போவதில்லை. புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களில் சேர்ப்பது தமிழுக்கும் பழக்கமானதே. தொல்காப்பியத்தின் மரபியல் அப்படித்தான் வகுக்கிறது.

உண்ணிச்செடி என்ற புதர் மூடிய காட்டை மீட்கும் வேலையின் காலக்கணக்கும் மழையை ஒட்டியதுதான். ஆனால் அங்கே ஆட்கள் இறங்குவது முளைத்து வருவதைப் பிடுங்குவதற்காக.

உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் உண்ணிச்செடியை அகற்ற, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் ஒரு முறையை உருவாக்கினார்கள். இந்தப் புதரை மேலாக வெட்டினால் அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். தீ வைத்தாலும் அதே கதைதான். ஆகவே மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே, துளிர்க்கும் பகுதிக்குச் சற்றுத் தாழ ஆணிவேரை வெட்டி, புதரைத் தூரோடு தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுகிறார்கள். தண்டு மண்ணில் பட்டால் வேர் பிடித்துவிடும் என்பதால் இந்த எச்சரிக்கை. பூ வைப்பதற்கு முன்பே இதை முடித்தாக வேண்டும். அதோடு தீர்வதில்லை. பழம் தின்ற பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியில் எச்சத்தோடு விழுந்த விதைகள் முளைக்கும்; அந்த மரத்தடிகளைத் தேடிப் போய்க் கன்றுகளைப் பிடுங்க வேண்டும்.

இது கொலையா? ஓரறிவு உயிர் என்பதை ஒப்புக்கொண்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல வழியில்லை. சமணம் இல்லறத்தாருக்குச் சற்று இடம் கொடுக்கிறது: ஓரறிவு உயிரை வருத்தாமல் வாழ முடியாது, ஆனால் தேவைக்கு மிஞ்சி வருத்தக் கூடாது. உழவர் களை பறிப்பது இதற்குள் அடங்கும், ஏனென்றால் பசி அவருடையது. காட்டில் யாருடைய தேவை? புதரைப் பிடுங்குபவர் அங்கே விளைவதை உண்ணப்போவதில்லை. புல்லுக்காகவும் மானுக்காகவும் அவர் இன்னோர் உயிரை எடுக்கிறார். வேறோர் உயிரின் தேவையைத் தன் தேவையாக எடுத்துக்கொள்ள மனிதருக்கு உரிமை உண்டா என்பதுதான் உண்மையான கேள்வி.

உண்ணி ‘அந்நியச் செடி’ என்ற காரணம் இந்தக் கேள்வியைத் தொடவே தொடாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது, புளிய மரம் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. யாரும் அவற்றை வேரோடு பிடுங்கச் சொல்வதில்லை. பிறந்த இடத்தை வைத்துக் குற்றம் சுமத்துவது மனிதர்களிடம் எவ்வளவு தவறோ, செடியிடமும் அவ்வளவு தவறு. அதிலும் உண்ணிச்செடியைத் தோட்டத்து அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தது மனிதர்தான். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் புலிகள் வாழும் நிலப்பரப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அது பரவியிருக்கிறது. அடர்ந்த இடத்தில் அடியில் புல் முளைப்பதில்லை, மரக்கன்று எழுவதில்லை, மேய்ச்சல் விலங்குக்குத் தீனியில்லை. பரப்பியது மனிதக் கை என்பதால்தான், தலையிடும் பொறுப்பும் மனிதருக்கு வருகிறது. உரிமை என்பதைவிட அதைக் கடன் என்று சொல்வதே பொருத்தம்.

நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் பழங்குடிக் கைவினைஞர்கள் வெட்டிய உண்ணிக்கழிகளைக் கொண்டு நிஜ யானை அளவில் உருவங்கள் செய்கிறார்கள். 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. எடுத்த உயிர் வீணாகவில்லை என்ற அளவில் அது நல்ல காரியம். ஆனால் கடன் அதில் தீராது. புல் திரும்பி வர வேண்டும்.

அங்கேதான் பல திட்டங்கள் தவறுகின்றன. இத்தனை ஹெக்டேர் அகற்றியாயிற்று என்று கணக்கு முடிந்ததும் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். கிளறிய மண்ணில் வெயில் படுகிறது, அடுத்த மழைக்கு உண்ணியே மறுபடி முளைக்கிறது. புல்லும் வரவில்லை, மானும் வரவில்லை. செடிகளைக் கொன்றது மட்டும் மிச்சம். பரப்பைப் பாதியாகக் குறைத்தாலும் சரி, அடுத்தடுத்த மழைக்காலங்களில் கன்று பிடுங்கவும் புல் விதைக்கவும் ஆளும் கூலியும் ஒதுக்காமல் முதல் புதரில் கை வைக்கக் கூடாது.