வாசலும் அடுப்பும்

ஃபிரீமேசன் சங்கத்தின் கிளையைக் குறிக்கும் லாட்ஜ் என்ற சொல் தமிழில் இன்று தங்கும் விடுதியையே நினைவூட்டினாலும், இடைக்கால ஐரோப்பாவில் அது, பெருந்தேவாலயங்களைக் கட்ட ஊர்விட்டு ஊர் வந்த கல்தச்சர்கள் கருவிகளை வைக்கவும் உண்ணவும் இளைப்பாறவும் வேலையிடத்தருகே போட்டுக்கொண்ட கொட்டகையின் பெயராக இருந்தது. அவ்வகையில் பார்த்தால், சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரையுள்ள ஆலைகளுக்கும் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தங்கும் தகரக் கொட்டகைகளே அச்சொல்லின் மூலப்பொருளுக்கு நெருக்கமானவை. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் உருப்பெற்ற கனவான்களின் சங்கமோ மூலைமட்டத்தையும் கவராயத்தையும் ஒழுக்கத்தின் குறியீடுகளாக எடுத்துக்கொண்டு, கொத்தனாரைப் பெரும்பாலும் வெளியிலேயே விட்டுவிட்டது.

1723இல் அச்சான அதன் முதல் விதிநூல், உறுப்பினரின் சமயம் எதுவாயினும் எல்லா மனிதரும் ஒப்புக்கொள்ளும் பொதுச் சமயமே போதும் என்ற கருத்தை முன்வைத்தது. பின்னாளில் பரம்பொருள் ஒன்று உண்டு என்ற நம்பிக்கை மட்டும், இங்கிலாந்து மரபைப் பின்பற்றும் லாட்ஜுகளில், விலக்க முடியாத நிபந்தனையாக நிலைபெற்றது. பிரபஞ்சத்தின் பெருஞ்சிற்பி என்று பெயரிடப்படும் அப்பரம்பொருளை யார் எந்தப் பெயரால் வணங்கினாலும், லாட்ஜுக்குள் சமய விவாதமும் அரசியல் விவாதமும் கூடா என்பது விதி.

தாராளமாகத் தோன்றும் இவ்விதி இந்தியாவில் கடுஞ்சோதனைக்கு உள்ளானது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் மூத்த மகன் உம்தத்-உல்-உம்ரா 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டிருக்க, 1863இல் கல்கத்தாவில் விண்ணப்பித்த பிரசன்ன குமார் தத்தோ 1872 வரை காத்திருக்க நேர்ந்தது. பல தெய்வங்களை வணங்கும் இந்து ஒரே பரம்பொருளை நம்புபவராவாரா, சாதி பார்ப்பவர் எல்லோரையும் சகோதரராக ஏற்பாரா என்பன சொல்லப்பட்ட தடைகள். அக்கேள்வியைக் கேட்ட ஆங்கிலேயர் தம் நிறவேற்றுமை அந்தச் சகோதரத்துவத்துக்கு இடையூறாகும் என்று அதே அளவுக்குக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் இதே சிக்கலை வேறொரு முனையிலிருந்து அணுகினார். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு, பசித்தவர் யார் என்று கேட்பதில்லை. 1872இல் திறக்கப்பட்ட சத்திய ஞானசபையிலோ கொலையும் புலாலும் தவிர்த்தவர் மட்டுமே நுழையலாம் என்ற வாசல் இருந்தது. அவ்விரண்டையும் தவிர்த்தவரை அகவினத்தார் என்றும் மற்றவரைப் புறவினத்தார் என்றும் பிரித்த வள்ளலார், புறவினத்தாருக்கும் பசியை மட்டும் நீக்கியே ஆக வேண்டும் என்றார். உயிர்கள் யாவும் ஒரே இயற்கையின என்ற ஆன்மநேய ஒருமைப்பாடே அதற்கு அவர் கண்ட அடிப்படை. கூடி வழிபடுவோருக்கு வாசல் வேண்டும், ஆனால் சோற்றுக்கு வாசல் ஆகாது என்பது இதன் உட்பொருள்.

லாட்ஜின் மரபில் இப்பிரிவு அத்தனை தெளிவாக இல்லை. நலிந்த சகோதரர், இறந்தவரின் மனைவி, அநாதையான பிள்ளைகள் ஆகியோருக்கு உதவுவதே அதன் அறத்தின் பழைய வடிவம். அது அறத்தைக் காட்டிலும் குடும்பக் கடமைக்கே அருகில் நிற்பது. எனினும் அதன் சடங்குகளுள் ஒன்று இந்த வரம்பை மீறிச் செல்கிறது. புதிதாகச் சேர்பவரிடமிருந்து காசு உட்பட உலோகம் அனைத்தும் முன்னரே வாங்கி வைக்கப்பட்டிருக்க, சடங்கின் நடுவே அவரிடம் தருமம் கேட்கப்படுகிறது. கொடுக்க மனமிருந்தும் கையில் ஏதுமின்றி நிற்கும் அக்கணத்தில், வறுமை என்பது பிறருடைய இயல்பன்று, யாருக்கும் நேரக்கூடிய நிலை என்பதை அவர் வாதத்தால் அன்றி வெறுங்கையால் அறிகிறார். ஈகையைப் பற்றிய நீண்ட உரைகள் பலவற்றைவிட இது ஆழமானது.

1961இல் ஃபிரீமேசன்களின் இந்தியப் பெருஞ்சங்கம் தனித்து அமைந்தபின், பைபிளுடன் குர்ஆன், பகவத்கீதை, குரு கிரந்த சாகிப், பார்சிகளின் அவெஸ்தா ஆகியனவும் லாட்ஜின் பீடத்தில் இடம்பெற்றன. தத்திடம் எழுப்பப்பட்ட கேள்விக்கு அப்பீடமே விடையானது. சென்னை எழும்பூரின் மேசன் மண்டபத்தில் உறுப்பினராக விரும்புவோரிடம் கடவுள் நம்பிக்கையைப் பற்றிய வினா இன்றும் கேட்கப்படுகிறது. கோவை பந்தயச்சாலையில் மேசன்கள் உருவாக்கிய குழந்தைகள் மருத்துவமனைக்குக் காய்ச்சலோடு தூக்கி வரப்படும் பிள்ளையின் பெற்றோரிடமோ அவ்வினாவுக்கு வேலையில்லை.