யார் கணக்கில் எழுதுவது?

சென்ற ஆண்டு மார்கழியில் நாலு நாள் அமராவதி நகரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். பொதுப்பணித் துறையில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காலையில் அணைப் பக்கம் ஒரு நடை, பகலில் எழுத்து, மாலையில் மறுபடியும் ஒரு நடை. இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது பொழுது.

மூன்றாம் நாள் மாலை, நண்பரின் மனைவியைத் தேடிக்கொண்டு ஓர் இளம் பெண் வந்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். புருஷன் அதே கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். அங்கே லைன் வீட்டில் குடியிருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வந்து போகிறவர்கள். இரண்டு குழந்தைகள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னைக் கவனிக்காமலே அவள் பேசினாள்.

"எங்க வீட்டுக்காரரு ஆபரேசன் பண்ணி ஒன்றரை மாசம் ஆச்சுங்க அக்கா. எனக்கு ரத்தம் கம்மி, நீ பண்ண வேண்டாம், நானே பண்ணிக்கறேன்னு அவராத்தான் போனாருங்க. இப்ப எனக்கு நாள் தள்ளிப் பத்து நாளாச்சு. எங்க மாமியா பேசற பேச்சைக் காதுல கேக்க முடியறதில்லீங்க."

"உம்புருசன் என்ன சொல்றான்?"

"அவரு ஒண்ணுமே பேச மாட்டேங்கறாருங்க. அதுதானுங்க பயமா இருக்குது."

வாசகர்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் கணத்தில் என் புத்தி என்ன செய்தது தெரியுமா? ஒரு கதை கட்டிற்று. கம்பெனி, ஒன்றரை ஷிப்ட், இரவு வேலை, யாரோ ஒரு சூப்பர்வைசர் என்று நாலே விநாடியில் ஒரு நாவலுக்கு வேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டது. அவள் மாமியார் படிக்காதவள். நான் படித்தவன். இரண்டு பேரும் போய் நின்ற இடம் ஒன்றுதான்.

நண்பரின் மனைவி என்னைப்போல் கதை கட்டவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "ஆபரேசன் பண்ணினப்ப ஒரு சீட்டுக் குடுத்திருப்பாங்களே, அதை யாராச்சும் படிச்சீங்களா?"

யாரும் படிக்கவில்லை. அதில் எழுதியிருந்திருக்கக் கூடியது இவ்வளவுதான்: ஆண் செய்துகொள்ளும் அறுவை அன்றைக்கே பலன் தருவதில்லை. குழாயை அடைத்தாலும், அதற்கு முன்பே மேலே போய்த் தங்கிய உயிரணுக்கள் சில வாரங்கள் இருக்கும். ஆகையால் மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்பும் வேண்டும். அப்புறம் விந்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று தெரிந்த பிறகே அதை நம்பலாம். அவ்வளவு செய்த பின்னும், அபூர்வமாக, சுமார் இரண்டாயிரத்தில் ஒருவருக்கு, வெட்டிய வழி மறுபடியும் கூடிவிடுவதுண்டு.

எந்த முறையிலும் இப்படி ஒரு மிச்சம் இருக்கிறது. எதுவுமே செய்யாத இளம் தம்பதிகள் நூறு பேரில் சுமார் எண்பத்தைந்து பேருக்கு ஓராண்டுக்குள் கரு உண்டாகும். காப்பர்-டி வைத்துக்கொண்டவர்களில் அது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. பெண்கள் செய்துகொள்ளும் அறுவையில் ஆயிரத்துக்கு ஐந்து. மாத்திரையை ஒரு நாளும் மறவாமல் சாப்பிட்டால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் மனிதர்கள் சாப்பிடுகிறபடி சாப்பிட்டால் ஏழு. ஆணுறையில் ஒழுங்காக இருந்தால் இரண்டு, சாதாரணமாகப் பதின்மூன்று. இவை ஒரே வருஷத்துக் கணக்கு. அந்தப் பதின்மூன்று வருஷா வருஷம் நீடித்தால், ஐந்து ஆண்டில் ஏறக்குறைய பாதித் தம்பதிகளுக்கு ஒரு முறையாவது தவறிப்போகும். குடும்பம் நடத்துகிறவர்கள் ஐந்து ஆண்டோடு நிறுத்திவிடுகிறார்களா என்ன?

ஆனால் இந்த எண்களை மனப்பாடம் செய்துவிட்டால் விஷயம் முடிந்துவிடாது. ஆயிரத்தில் ஐந்து என்பது மருத்துவத்துக்குப் பெரிய வெற்றி. அந்த ஐவரில் ஒருத்திக்கு அது ஐந்து அல்ல, முழு வாழ்க்கை. முறை தவறினால் அந்தத் தவறை யார் கணக்கில் எழுதுவது? நம் வீடுகளில் அதை எழுதுவதற்கென்று ஒரே ஒரு பேரேடுதான் இருக்கிறது. அது பெண்ணின் நடத்தை. மாத்திரை தவறினால் அவள் மறதிக்காரி. அவளுக்குச் செய்த அறுவை தவறினால் அவள் அதிர்ஷ்டம் கெட்டவள். புருஷனுக்குச் செய்தது தவறினாலோ, அவள் கெட்டவள்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட நாகரிகமாக நடந்திருக்கிறது. 1971-இல் வந்த கருக்கலைப்புச் சட்டமே, கணவனோ மனைவியோ கையாண்ட முறை தவறிக் கரு உண்டாகலாம் என்று ஒப்புக்கொண்டது. அதனால் வரும் வேதனை பெண்ணின் மனநலத்துக்குப் பெரிய கேடு என்று கொள்ளலாம் என்றது. 2021-இல் திருத்தியபோது 'மணமான பெண்' என்பது 'எந்தப் பெண்ணும்' என்று ஆயிற்று. வயது வந்தவளாக இருந்தால் அவள் சம்மதம் ஒன்றே போதும். புருஷனோ மாமியாரோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

நீதிமன்றத்துக்கும் இந்தக் கேள்வி போயிருக்கிறது. பஞ்சாபில் கருத்தடை அறுவைக்குப் பின் குழந்தை பெற்ற ஒரு பெண்ணும் அவள் கணவனும் நஷ்டஈடு கேட்டார்கள். 2005-இல் உச்ச நீதிமன்றம், எந்த முறையும் நூற்றுக்கு நூறு உறுதியானதல்ல, டாக்டரின் கவனக்குறைவை நிரூபித்தாலொழிய அவர் பொறுப்பல்ல என்று தீர்ப்புச் சொன்னது. நியாயந்தான். ஆனால் டாக்டர் பொறுப்பல்ல என்றதும் பாரம் காற்றில் கரைந்துவிடுமா? அதை உணர்ந்துதான் போலும், இப்படிப்பட்டவர்களுக்காக ஒரு நல நிதியோ இன்ஷூரன்ஸோ ஏற்படுத்துவதைப் பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்லிற்று.

நிதி பணத்தைக் கொடுக்கும். சந்தேகத்தை எந்த நிதி தீர்க்கும்? அதைத் தீர்க்கக் கூடியவன் ஒருவன்தான். வாய் திறக்காமல் இருந்தானே, அந்தப் புருஷன். அவன் கெட்டவன் அல்ல. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21-இல் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பமோ ஆயிரத்தில் ஒன்றுதான். மனைவியின் உடம்பை எண்ணி அந்த ஒருவனாகப் போனவன் அவன். கத்திக்கு உடம்பைக் கொடுத்தவனுக்கு, ஒரு சொல் கொடுப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது!

அன்றைய மாலை நடையில் இதை நண்பரிடம் சொன்னேன். அவர் மதகுகளைக் காட்டினார். "வெள்ளமே வராது என்று நம்பி எவனும் அணை கட்டுவதில்லை ஐயா. வந்தால் எந்த வழியாகப் போக வேண்டும் என்று யோசித்துத்தான் கட்டுகிறோம். வழி வைக்காவிட்டால், தண்ணீர் பலவீனமான இடமாகப் பார்த்து உடைக்கும்."

குடும்பத்திலும் அப்படித்தான். முறையைத் தேர்ந்தெடுக்கிற நாளிலேயே, இது தவறினால் என்ன செய்வது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சை அவநம்பிக்கை என்று நினைக்கிறவர்கள் உண்டு. நான் அதை நம்பிக்கை என்பேன். முறையின் மேல் நூற்றுக்கு நூறு நம்பிக்கை வைக்கிறவன், அது தவறுகிற நாளில் மனைவியின் மேல் வைத்ததை எடுத்துவிடுகிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணும் அவள் புருஷனும் சேர்ந்து வந்ததாக நண்பரின் மனைவி பிற்பாடு எனக்கு எழுதியிருந்தார். திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுப் பரிசோதனை செய்துகொண்டானாம். உயிரணு இன்னும் இருக்கிறதென்று ரிப்போர்ட் வந்ததாம். அதைத் தாயிடம் படித்துக் காட்டி, "தப்பு எம்மேலதான், சீட்டைப் படிக்காம உட்டது நானு" என்றானாம். கருவை என்ன செய்தார்கள் என்று கடிதத்தில் இல்லை. நானும் கேட்கவில்லை, அது அவர்கள் விஷயம்.

எனக்கு ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த ரிப்போர்ட் வேறு மாதிரி வந்திருந்தால்? அபூர்வமான அந்த இரண்டாயிரத்தில் ஒன்றாகக்கூட இருந்திருக்கலாம். ஒரு நாள் ஒன்றும் இல்லாமல் காட்டி, இன்னொரு நாள் இருப்பதாகக் காட்டவும் கூடும். அவளை நம்புவதற்கு அவனுக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. எனக்கும் தேவைப்பட்டது. திண்ணையில் உட்கார்ந்து நான் கட்டிய கதைக்கு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.