அனுப்பிய பணம் யாருடையது?

மும்பைத் தாராவியின் சந்துகளில் திருநெல்வேலித் தமிழ் இன்றும் கேட்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தமிழ் முஸ்லிம் வணிகர்களும் நெல்லைச் சீமையின் ஆதிதிராவிட மக்களும் தோல் பதனிடும் தொழிலை நம்பி அங்கே குடியேறினர். விடியுமுன் அங்கே அவித்தெடுக்கப்படும் இட்லி நகரெங்கும் சென்று விலைபோகிறது. அவ்வாறு ஈட்டிய பணத்தின் ஒரு பகுதி, தலைமுறை தலைமுறையாகத் தாமிரபரணிக் கரைக்குப் பயணம் செய்தது. மாட்டுங்காவிலும் பின்னர் செம்பூரிலும் குடியமர்ந்த எழுத்தர்களும் சுருக்கெழுத்தாளர்களும் தஞ்சைக்கும் பாலக்காட்டுக்கும் அவ்வாறே அனுப்பினார்கள். 1880இல் தபால் துறை தொடங்கிய மணியார்டர்தான் இதற்கு வழி. பிற்காலத்தில் இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன் என்பது கணக்கு. பழைய மணியார்டர் 2015இல் நிறுத்தப்பட்டது. இன்று அந்த வேலையைக் கைபேசி ஒரு நொடியில் செய்துவிடுகிறது.

பொருளாதார அறிஞர்கள் இத்தகைய பணத்தைப் பெருந்தொகைகளாகக் காண்கிறார்கள். 2024இல் வெளிநாடுவாழ் இந்தியர் தாயகத்துக்கு அனுப்பியது சுமார் 12,900 கோடி டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு பெறுவதில்லை. 2023-24க்கான ரிசர்வ் வங்கியின் ஆய்வில் இவ்வரவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பெற்று மகாராஷ்டிரமே முதலிடத்தில் நின்றது. ஆனால் தாராவியிலிருந்து நெல்லைக்குச் செல்லும் பணம் நாட்டு எல்லையைத் தாண்டுவதில்லை. எனவே இந்தக் கணக்கில் அது இடம்பெறுவதும் இல்லை.

நமது கேள்வி தொகையைப் பற்றியது அன்று. அனுப்பிய பணம் யாருடையது? அது கடனைத் தீர்ப்பதா, தானமா, இரண்டும் அல்லாத ஒன்றா?

மொழிபெயர்ப்புப் பணியில் இதற்கான ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடியபோது ஒன்று புலப்பட்டது. அச்சொல்லின் மூலமான லத்தீன் வினைக்கு 'திருப்பி அனுப்புதல்' என்று பொருள். அப்படியானால் ஏற்கெனவே பெற்றதைத்தான் மகன் திருப்பி அனுப்புகிறான். தமிழிலோ 'கடன்' என்ற ஒரே சொல் வாங்கிய பணத்தையும் செய்யவேண்டிய கடமையையும் குறிக்கிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வாங்கிய கடனுக்கு ஒரு தொகை உண்டு. அதைக் கட்டி முடித்துவிடலாம். பெற்று வளர்த்ததற்கு எந்தத் தொகையை எழுதுவது?

முதல் பொருளில் கொண்டால் வீட்டார் கடன் கொடுத்தவர்களாகிவிடுகிறார்கள். "இந்த மாதம் ஏன் குறைந்தது?" என்ற கேள்வி, "சாப்பிட்டாயா?" என்ற கேள்விக்கு முன்னே வந்து நிற்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரோடு படுத்து, ஒரு வேளை உணவைக் குறைத்து அனுப்பியவன் அதற்குப் பதில் சொல்வதில்லை; "நலம்" என்று மட்டும் சொல்கிறான். அவன் பணத்தில் ஊரில் எழுந்த மாடிவீடு பூட்டிக் கிடக்கிறது. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி மட்டும் தவறாமல் கேட்டு வருகிறது. (வரியைக் குறை சொல்லவில்லை, ஊர் தன்னை மறக்கவில்லை என்பதற்கு அவனிடம் உள்ள ஒரே சான்று சில வேளைகளில் அதுதான்.)

தானம் என்று கொண்டாலோ, அனுப்புகிறவன் எஜமானன் ஆகிறான். தங்கையின் படிப்பை எப்போது நிறுத்துவது, அவளை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தொலைபேசியில் அவனே முடிவு செய்கிறான். கொடுத்த கை அதிகாரத்தைக் கூடவே அனுப்புகிறது. பதிலுதவி செய்யாதவருக்கு, கொடுப்பது கடமை என்ற எண்ணத்தோடு கொடுப்பதையே கீதையின் பதினேழாம் அத்தியாயம் சாத்விக தானம் என்கிறது. பயனை எதிர்பார்த்தோ மனவருத்தத்தோடோ கொடுப்பது ராஜஸம். இந்த அளவுகோலில் தாய்க்கு அனுப்புவதைத் தானம் என்று அழைப்பதே பொருந்தாது; அவள் முன்னமே செய்துவிட்டவள். அதே சமயம் 'கொடுக்க வேண்டும் என்பதால் கொடுப்பது' என்ற பாதி அவளுக்கும் பொருந்துகிறது. தொகை எழுதாத கடன் என்று அதைச் சொல்லலாம். அதற்கு முடிவு இல்லை. ஆனால் அளவு உண்டு. அனுப்புகிறவனுடைய உடலும் அந்தக் குடும்பத்தின் உடைமையே. அதைப் பட்டினியிட்டு அனுப்புவது முதலை எடுத்து வட்டி கட்டுவது போன்றது. இதை அவனிடம் சொல்லவேண்டியவர்கள் பணத்தைப் பெறுகிறவர்கள். அவனாகச் சொல்லிக்கொள்ள மாட்டான்.

அனுப்பவோ பெறவோ இல்லாத துறவி இதைச் சொல்வது எளிது என்று வாசகர் நினைக்கலாம். நியாயமே. ஆயினும் இக்கேள்வி குடும்பத்தோடு நின்றுவிடுவதில்லை.

தாராவித் தமிழரில் பலர் இன்று மூன்றாம் நான்காம் தலைமுறையினர். ஊருக்கு அனுப்ப அவர்களுக்கு ஆளில்லை; வந்தவர்களின் பேரர்கள் சிலர் பட்டறை முதலாளிகளாகவும் ஆகியிருக்கிறார்கள். தையல் இயந்திரங்களின் முன் இப்போது உட்கார்ந்திருப்பவர் பலர் உத்தரப் பிரதேசத்தையும் பீகாரையும் சேர்ந்த இளைஞர்கள். 2020இன் ஊரடங்கில் பட்டறைகள் மூடியபோது, ஊருக்கு அனுப்பி வந்தவர்களுக்கே ஊரிலிருந்து பணம் வரவேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. மே மாதத்தில் சிறப்பு ரயில்கள் விடப்படும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். சிலர் நடந்தே புறப்பட்டார்கள்.

தாத்தாவின் மணியார்டரால் படித்து வளர்ந்தவரின் மகன், தன் பட்டறையில் பத்தாம் தேதி தரவேண்டிய கூலியை இருபதாம் தேதிக்குத் தள்ளுகிறான் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் அதைத் தாமதம் என்னும். பீகாரில் ஒரு வீட்டில் அந்தப் பத்து நாளும் மளிகைக் கடைக்காரரிடம் கணக்கு எழுதப்படுகிறது. அந்தத் தாய் தன் மகனிடம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறாள். அவனும் "நலம்" என்று மட்டும் சொல்கிறான்.