எழுதும் கையும் பின்னும் கையும்

நாவலொன்றைத் திருத்தி முடிக்க வேண்டிய வேளையிலே, ஓர் எழுத்தாளன் பின்னலூசியைக் கையிலெடுப்பது கடமை தவறுதலாகுமா? கேள்வி அற்பமானதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும், பகலெல்லாம் வகுப்பறையிலே பேசிக் களைத்து, இரவிலே கையெழுத்துப் பிரதியோடு போராடும் ஆசிரிய எழுத்தாளர் இதனை நன்கறிவர். கிடைப்பதோ இரண்டு மணி நேரம். திருந்தாத அத்தியாயம் ஒருபுறம். பாதியிலே நிற்கும் பின்னலோ, பூத்தையலோ, மரவேலையோ மறுபுறம். எதற்கு முதலிடம்?

“எழுத்துக்கே” என்று உடனே விடையிறுப்போர் பலர். அவ்விடையிலே ஒரு நஞ்சு கலந்திருக்கிறது. மூளையுழைப்பு உயர்ந்தது, கையுழைப்புத் தாழ்ந்தது என்னும் ஆளும் வர்க்க மனப்பான்மையே அது. கைத்தொழிலைச் சாதியோடு பிணைத்து இழிவுசெய்த எமது சமூகத்திலே அதன் வேர் இன்னும் ஆழமானது.

இவ்விடத்தில் ஆங்கில நாட்டுச் சோசலிச எழுத்தாளர் வில்லியம் மொறிஸ் (1834–1896) எமது நினைவுக்கு வருகிறார். கவிஞராகப் புகழ்பெற்ற பின்னரும் அவர் சாயத்தொட்டியையும் தறியையும் விட்டாரில்லை. 1879ஆம் ஆண்டிலே தமது படுக்கையறையில் தறியொன்றை நாட்டி, சித்திரத் திரைச்சீலை ஒன்றைத் தாமே நெய்தார். அதற்குச் செலவான நேரத்தையும் குறித்துவைத்தார்: ஐந்நூறு மணி நேரத்துக்கும் மேல்! இளமையிலே அவரும் மனைவி ஜேனும் பூத்தையல் கற்ற முறையும் கருதத்தக்கது. பழைய தையல்களை இழையிழையாகப் பிரித்துப் பார்த்தே அதன் நுட்பத்தை அறிந்தனர்.

அவரது ‘நியூஸ் புறொம் நோவெயர்’ (எங்குமில்லா ஊர்ச் செய்திகள்) என்னும் நாவல், 1890இல் ‘கொமன்வீல்’ என்ற சோசலிச ஏட்டிலே தொடராக வந்தது. தாமே நடத்திவந்த அவ்வேட்டின் ஆசிரியப் பொறுப்பை அவர் இழந்ததும் அவ்வாண்டிலேதான். 1891இல் நாவல் நூலாகியது. அதே ஆண்டில், தாமே எழுத்துரு வரைந்து, தமது கெல்ம்ஸ்கொற் அச்சகத்தையும் அவர் தொடங்கினார். அச்சுக் கைவினையில் மூழ்கியிருந்த அக்காலத்திலேதான் நாவலும் திருத்தப்பட்டது.

திருத்தத்தின்போது புதிதாக ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார். ஊரார் புல்லறுவடைக்குப் புறப்படுகின்றனர். வீடொன்றைக் கட்டிக்கொண்டிருக்கும் சிலர் மட்டும் வர மறுக்கின்றனர். கைவேலையின் இன்பம் அவர்களை விடவில்லை. அவர்களுள் தலைமைச் சிற்பி ஒரு பெண். மற்றவர்கள் கேலிசெய்கின்றனர், வற்புறுத்தவில்லை. நாவலைத் திருத்தியமர்ந்த மனிதர் கைவினையை மறக்கவில்லை. அதனையே நாவலுக்குள் கொண்டுவந்தார்.

இதிலே எமக்கொரு பாடமுண்டு. பின்னலிலே ஒரு கண்ணி தவறினால், தவறு கண்ணுக்கு முன்னே நிற்கும். பல வேளைகளில் அவ்விடம்வரை பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். நூல் பொய் சொல்லாது. சொல்லோ பொய் சொல்லும்! பொய்யான பாத்திரத்தை அழகிய வசனத்தால் மூடிவிடலாம். நேற்றைய உழைப்பை இன்று மனங்கலங்காது பிரிக்கும் துணிவைக் கைப்பணி பழக்குகிறது. நாவலைத் திருத்துவோனுக்கு வேண்டிய முதல் ஒழுக்கமும் அதுவே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பின்னல் விரைவிலே முடியும், காண்போர் பாராட்டுவர். நாவலோ ஆண்டுக்கணக்கில் பாராட்டின்றிக் கிடக்கும். கடினமான அத்தியாயத்துக்கு அஞ்சிப் பின்னலிடம் ஓடுபவன் இரண்டுக்குமே துரோகம் செய்கிறான். நேரத்தை எவ்வாறு பங்கிட்டோம் என்பதைவிட, எதற்காக ஊசியை எடுத்தோம் என்பதே அறக்கேள்வி. திரும்பிவந்து பிரதியை நேர்மையோடு பார்க்க முடிகிறதா? ஆமெனில் அந்நேரம் வீணல்ல.

இன்னொன்றும் சொல்லாது விட முடியாது. எமக்கு இளைப்பாறுதலாகும் ஊசி, கூலிக்குத் தைக்கும் பெண்ணுக்கு வயிற்றுப்பாடு. அவள் அதனைக் கீழே வைத்துவிட்டு நாவல் எழுத எவர் நேரம் தருகிறார்? மொறிஸ் படைத்த அழகிய பொருள்களும் பெரும்பாலும் செல்வர் இல்லங்களையே சென்றடைந்தன. அம்முரண்பாடு அவரை வருத்திற்று. அவ்வருத்தமே அவரைத் தெருமுனைக் கூட்டங்களுக்கு இட்டுச்சென்ற காரணங்களுள் ஒன்று.

எழுதவும் பின்னவும் ஓய்வு கிடைத்தவர் நாம். அவ்வோய்வுக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் உரியதாகும்வரை அமைதி கொள்ளலாகாது என்பதே எமது கடன்.