மூத்தோர் அறிவும் நாம் பட்ட கடனும்

மூத்தோர் சொல்லை நெல்லிக்கனிக்கு ஒப்பிடுவது நம் பழமொழி. முதலில் துவர்க்கும், பின்னர் இனிக்கும். ஆயின், கனியைச் சுவைத்தவன் மரத்துக்குச் செய்ய வேண்டுவது என்ன என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. கேட்டறிந்த அறிவுக்காகக் கேட்டவன் கடன்படுகின்றானா? விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் குடியிருக்கும் சால்ட் லேக்கின் கிழக்கு எல்லை வரை சென்றால் போதும்.

நம் இல்லங்கள் நிற்கும் இந்நிலம் ஒருகாலத்தில் ஏரி. 1960-களில் ஊக்ளி ஆற்று வண்டலைக் குழாய்வழிக் கொணர்ந்து நிரப்பி இந்நகரை எழுப்பினர். நிரப்பப்படாது எஞ்சிய நீர்ப்பரப்பு இன்றும் கிழக்கே விரிந்து கிடக்கிறது. அங்குள்ள மீன்பண்ணைகளை வங்காளியர் 'பேரி' என்பர். கொல்கத்தாவின் கழிவுநீரை ஆழமற்ற அக்குளங்களில் பாய்ச்சி வெயிலில் விடுவர். நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன, பாசி தழைக்கிறது, அது மீனுக்கு இரையாகிறது. எவ்வளவு நீரை விடுவது, எப்போது நிறுத்துவது என்பதை மூத்த மீனவர் நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே கணிப்பர். அலை கரையை அரிக்காதவாறு ஓரத்தில் ஆகாயத்தாமரையை வளர்ப்பர்.

இது தொல்பழங்கால வித்தையன்று. வித்யாதரி ஆறு தூர்ந்து உப்புநீர் வரத்து அற்றுப்போன பின்னர், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்தம் பாட்டனார் பட்டறிந்து கண்டது. நேற்றைய புதுமை கைமாறிக் கைமாறி வந்தால் அதுவே மரபு.

1980-களின் தொடக்கத்தில், நகரின் கழிவுநீர் என்னாகிறது என்று ஆராயப் புகுந்தவர் துருபஜோதி கோஷ் என்னும் அரசுப் பொறியாளர். பொறியியல் கற்றவர் மீனவரிடம் மாணவராய் அமர்ந்தார். கற்றதை ஏட்டில் எழுதியதோடு நில்லாமல், 2018-இல் மறையும்வரை அந்நீர்நிலைக்காக வாதாடினார். 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அதனைக் காக்கும் தீர்ப்பை வழங்கியது. 2002-இல் ஏறத்தாழ 12,500 எக்டேர் பரப்பு ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்றது.

எழுதி வைத்தால் போதாதா எனச் சிலர் வினவலாம். ஏடுகள் இன்றேல் சங்க நூல்கள் நமக்கு ஏது? எனினும் செய்யுள் ஏட்டில் வாழும். நீரின் நிறமறியும் கண் நீரருகில்தான் வாழும். குளத்தைத் தூர்த்துவிட்டு முதியவர் அறிவைப் போற்றுவது, மரத்தை வெட்டிவிட்டுக் கனியைப் புகழ்வதாகும்.

வட அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ்ந்து வாழும் அனிசினாபே மக்கள் இதனை நன்குணர்ந்தவர்கள். அவ்வேரிகளில் தானே விளையும் காட்டரிசியைப் படகிலிருந்து தட்டி எடுக்கையில், மறு ஆண்டு விளைச்சலுக்கென ஒரு பகுதி நீரிலேயே விழ விடுவர். மூத்தோரிடம் அறிவு நாடிச் செல்பவர் புகையிலையைக் காணிக்கையாய் வைப்பது அவர்தம் மரபு. அது விலையன்று, கேட்பவன் தன்மேல் ஏற்கும் பொறுப்பின் அடையாளம்.

நம் ஊர்க் கண்மாய்களிலும் நீர்க்கட்டி என்பார் இருந்தார். எந்த மடையை எப்போது திறப்பது, எவ்வயலுக்கு எவ்வளவு பாய்ச்சுவது என்பதெல்லாம் அவர் நினைவிலேயே இருந்தன. அந்நிலத்தை விட்டு, நிரப்பிய ஏரியின்மேல் வந்து குடியேறியவர்கள் நாம். ஆதலின் நம் கடன் இரண்டு: விட்டு வந்த நீருக்கு ஒன்று, வந்து மூடிய நீருக்கு மற்றொன்று.

ஊரிலிருந்து நம் பெற்றோர் வந்து சில திங்கள் தங்குகின்றனர். தட்சிணேசுவரத்துக்கும் காளிகாட்டுக்கும் அழைத்துச் செல்கின்றோம். மருந்தும் உணவும் தவறாமல் தருகின்றோம். அவர்கள் அறிந்ததை மட்டும் கேட்பதில்லை. பேரப்பிள்ளைகளை அருகமர்த்தி ஊர்க் கண்மாயின் கதையைக் கேட்போம். பின்னர் முதியவரையும் சிறுவரையும் ஒருநாள் கிழக்கே அழைத்துச் சென்று அந்நீரைக் காட்டுவோம். மொழி வேறாயினும், நீரறிந்த முதியவர் இருவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்வர். அந்நீரை மூட எவர் முனைந்தாலும், அன்று வாளாவிராமல் இருப்பதே நாம் வைக்கும் காணிக்கை.