ஊழுக்கு ஊர் உண்டா?

நோயும் சாவும் அவரவர் வினைப்பயன் என்னும் கருத்து இந்தியச் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. இறைவன் வகுத்த அளவு என்று அதையே வேறு வகையில் சொல்லும் சமயங்களும் உண்டு. இக்கருத்து பெரும்பாலும் தனி ஒருவரை முன்னிறுத்தியே பேசுகிறது: செய்தவர் ஒருவர், அனுபவிப்பவரும் அவரே. ஆனால் நாடுகள் பல பத்தாண்டுகளாகத் திரட்டிவரும் இறப்புக் கணக்குகள் காட்டும் ஒழுங்கு இதனோடு எளிதில் பொருந்துவதில்லை. புற்றுநோயால் ஒரு வட்டாரத்தில் இறப்போரின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறாமல் நிற்கிறது. வேறொரு வட்டாரத்தில் அதைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது. இரண்டிலுமே அது முப்பது நாற்பது ஆண்டுகளில் மெல்ல ஏறவோ இறங்கவோ செய்கிறது. வினை தனி மனிதருக்கு உரியதென்றால், அதன் பயன் மாநில எல்லையையும் மாவட்ட எல்லையையும் மதித்து நடப்பது எப்படி என்னும் கேள்வி, மருத்துவத்துக்கு மட்டுமன்றிச் சமயச் சிந்தனைக்கும் உரியதாகிறது.

கேள்வியைச் சரியாக வகுப்பதற்கு இறப்பு வீதம் என்பது எதைச் சுட்டுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஓர் ஆண்டில் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் ஒரு நோயால் இறந்தனர் என்பதே இறப்பு வீதம். புற்றுநோய் முதுமையோடு பெருகும் நோயாகையால், முதியோர் மிகுந்த ஊரில் வேறு காரணம் ஏதும் இல்லாமலே அது உயர்ந்து தோன்றும். எனவே, எல்லா ஊர்களிலும் வயது வாரியான மக்கள்தொகை ஒரே வகையில் அமைந்திருந்தால் வீதம் எவ்வளவாக இருக்கும் என்று கணக்கிட்டே ஒப்பிடுகின்றனர். இது வயதுச் சீராக்கம் எனப்படும். நோய் தோன்றும் வீதமும் இறப்பு வீதமும் வேறுவேறு என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. நோய் குறைவாகத் தோன்றும் இடத்திலும், அது முற்றிய பின்னரே கண்டறியப்படுமானால், இறப்பு மிகுந்திருக்கக் கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்வோர் வளமான நாடுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல். இந்தியாவில் 66 விழுக்காடு. தென்னாப்பிரிக்காவில் 40 விழுக்காடு. நோய் ஒன்றே, அது முடியும் விதம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

வயதைச் சீராக்கிய பிறகும் வேறுபாடு நிற்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அங்கே புற்றுநோய் இறப்பு வீதம் மிக உயர்ந்த மாநிலங்களில் ஒன்று கென்டக்கி. மிகத் தாழ்ந்தது யூட்டா. முன்னதன் வீதம் பின்னதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கென்டக்கி தலைமுறை தலைமுறையாகப் புகையிலை பயிரிட்ட மண். அதன் கிழக்கே அப்பலாச்சிய மலைப்பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்களும் வறுமையும் மருத்துவமனைக்கான நெடுந்தொலைவும் சேர்ந்திருக்கின்றன. யூட்டாவோ மார்மன் என்று பரவலாக அழைக்கப்படும் கிறித்தவச் சமயப் பிரிவினர் பெருந்திரளாக வாழும் மாநிலம். அப்பிரிவை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833-இல் அறிவித்த உணவு நெறி புகையிலையையும் மதுவையும் விலக்குகிறது. முதலில் அறிவுரையாகக் கொள்ளப்பட்ட அந்நெறி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டாய ஒழுக்கமாக இறுகியது. அதன் விளைவு யூட்டாவின் நுரையீரல் புற்றுநோய்க் கணக்கில் தெரிகிறது. எனினும் அதே மாநிலத்தில் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் மிகுதி; வெளிர்ந்த தோலுக்கும் உயர்ந்த நிலத்தின் கடும் வெயிலுக்கும் நோன்பு மறுமொழி சொல்வதில்லை. சமய ஒழுக்கம் ஒரு நோயின் வாயிலை அடைத்தது என்பதையும், அது எல்லா நோய்க்கும் கவசம் ஆகவில்லை என்பதையும் ஒரே மாநிலம் சேர்த்துக் காட்டுகிறது.

காலப்போக்கும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் புற்றுநோய் இறப்பு வீதம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏறிக்கொண்டே வந்து, 1991-இல் ஒரு லட்சத்துக்கு ஏறத்தாழ 215 என்னும் உச்சத்தைத் தொட்டது. பின்னர் முப்பது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. புகைபிடித்தலின் கேட்டை அரசின் தலைமை மருத்துவர் 1964-இல் அறிக்கையாக வெளியிட்டதும், அதன்பின் புகைப்போர் குறைந்ததும், நோயை முன்கூட்டியே கண்டறியும் சோதனைகள் பரவியதும், சிகிச்சை மேம்பட்டதும் இதற்குக் காரணங்கள். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் இடையே பல பத்தாண்டு இடைவெளி இருப்பதால், ஒரு தலைமுறை கைவிட்ட பழக்கத்தின் பயன் அடுத்த தலைமுறையின் கணக்கில்தான் முழுதாகத் தெரிகிறது. முன்செய்தது பின்விளையும் என்னும் வினைக்கோட்பாட்டின் சாயல் இதில் உண்டு; ஆயினும் இங்கே செய்தவரும் பெறுபவரும் ஒருவராக இருப்பதில்லை. புகையிலை நிறுவனம் செய்த விளம்பரத்தின் பயனை அதைப் பார்த்து வளர்ந்த சிறுவன் பெறுகிறான்; சட்டம் இயற்றியவரின் பயனைப் பிறவாத குழந்தை பெறுகிறது.

வினையைப் பொதுவினையாக விரித்து, ஓர் ஊரார் அனைவரும் ஒரே வகை வினை உடையவர்களாகையால் ஒரே இடத்தில் பிறந்தனர் என்று விடை சொல்லலாம். இவ்விடை இடம்பெயர்ந்தோரின் கணக்கின் முன் தடுமாறுகிறது. இரைப்பைப் புற்றுநோய் மிகுந்த ஜப்பானிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களை வில்லியம் ஹேன்செல், மினோரு குரிஹாரா ஆகியோர் 1968-இல் ஆராய்ந்தபோது, குடியேறியவர்களின் பிள்ளைகளிடம் அந்நோயின் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்ததும், ஜப்பானில் அரிதாக இருந்த பெருங்குடல் புற்றுநோய் குடியேறியவர்களிடம் மிகுந்திருந்ததும் தெரியவந்தன. குருதி மாறவில்லை, உணவும் வாழும் இடமும் மாறின. வினை உள்ளவரே கப்பலேறினர் என்று இதற்கும் ஒரு விளக்கம் கூறலாம். ஆனால் எந்தக் கணக்கு வந்தாலும் அதற்கேற்ப வளைந்துகொடுக்கும் விளக்கம், எந்தக் கணக்கையும் விளக்குவதில்லை.

சமய மரபுகள் இந்த இடர்ப்பாட்டை அறியாதவை அல்ல. பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் மோளியசீவகன் என்னும் துறவி, மனிதர் துய்க்கும் இன்பதுன்பம் யாவும் முன்வினையால் வருவனவோ என்று புத்தரிடம் கேட்க, பித்தம், கபம், வாதம், அவற்றின் கூட்டு, பருவ மாற்றம், பேணாமை, பிறர் தாக்குதல் ஆகியவற்றோடு வினையும் ஒரு காரணம் என்றும், எல்லாவற்றையும் முன்வினைக்கே ஏற்றுவோர் கண்கூடாக அறியப்படுவதையும் உலகம் உண்மையென ஏற்பதையும் மீறுகின்றனர் என்றும் அவர் விடை கூறுவதாக அச்சூத்திரம் அமைந்துள்ளது. திருக்குறள் அறத்துப்பாலை ஊழ் என்னும் அதிகாரத்தோடு முடித்தபின், பொருட்பாலில் ஆள்வினை உடைமைக்கும் மருந்துக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுக்கிறது. சைவ சித்தாந்தமும் வினையைச் சஞ்சிதம் எனப்படும் சேர்த்துவைத்த வினை, பிராரத்தம் எனப்படும் இப்போது பயன்தரும் வினை, ஆகாமியம் எனப்படும் இனிச் செய்யும் வினை என மூன்றாகப் பகுத்து, செயலுக்கு இடம் வைக்கிறது. இஸ்லாமிய மரபில் இன்னும் நேரடியான நிகழ்ச்சி ஒன்று பதிவாகியுள்ளது. ஏழாம் நூற்றாண்டில் சிரியா நோக்கிச் சென்ற கலீஃபா உமர் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேட்டுத் திரும்ப முடிவு செய்தபோது, இறைவன் விதித்ததிலிருந்து தப்பி ஓடுவதா என்று தளபதி அபூ உபைதா வினவினார். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்வதாக விடையிறுத்த உமர், பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால் ஒட்டகத்தை எப்பக்கம் மேய்த்தாலும் அது இறைவன் விதித்தபடியே அல்லவா என்று கேட்டார். இரு பக்கமும் விதிதான். மேய்ப்பவரின் பொறுப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை ஆங்கிலப் புகைபோக்கித் துப்புரவாளர்களின் வரலாறு காட்டுகிறது. லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-இல், அத்தொழிலாளருக்கு விதைப்பையில் வரும் புற்றுக்குக் கரிப்புகைத் தூளே காரணம் என்று எழுதினார். குறுகிய புகைபோக்கிகளுக்குள் பெரும்பாலும் வெற்றுடம்போடு ஏற்றப்பட்ட ஏழைச் சிறுவர்களின் தோல்மடிப்புகளில் தங்கிய கரி, அவர்கள் வளர்ந்து ஆளான பிறகு புண்ணாக வெளிப்பட்டது. நூறாண்டுக்கும் மேல் கழித்து, 1892-இல் ஹென்றி பட்லின் என்னும் மருத்துவர், ஐரோப்பாவின் பிற நாடுகளில் அதே தொழிலைச் செய்வோருக்கு இந்நோய் ஏன் அரிது என்னும் கேள்வியை எடுத்துக்கொண்டு, அங்கே உடலை இறுக மூடும் உடையும் அன்றாடக் குளியலும் வழக்கில் இருந்ததைச் சுட்டினார். இங்கிலாந்தில் அந்நோய் தொழிலோடு ஒட்டிப் பிறந்த தலைவிதியாகத் தோன்றியது. கடல் தாண்டிப் பார்த்தபோதுதான் அது ஓர் உடையின் குறை, ஒரு குளியலின் குறை என்று புலப்பட்டது.

பிரித்தானிய நோய்ப்பரவலியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைக் கோட்பாடாக வகுக்கிறது. இவருக்கு ஏன் இந்நோய் வந்தது என்பது ஒரு கேள்வி. இம்மக்களிடையே இந்நோய் ஏன் மிகுந்துள்ளது என்பது வேறொரு கேள்வி. ஒரு நாட்டில் எல்லோருமே நாளுக்கு இருபது சிகரெட் புகைத்தால், நோயுற்றவரையும் நோயுறாதவரையும் பிரித்துக்காட்டும் வேறுபாடு பிறப்பில் மட்டுமே எஞ்சும் என்றும், ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுநோயைப் பரம்பரை நோய் என்றே முடிவு கட்டுவர் என்றும் அவர் வாதிட்டார். ஊழைப் பற்றிய சிந்தனைக்கு இது மிக முக்கியமானது. எல்லோருக்கும் பொதுவாக அமைந்த காரணம் காரணமாகவே தென்படுவதில்லை. இயற்கையாகவோ விதியாகவோ தென்படுகிறது. வட்டார ஒப்பீடு செய்யும் வேலை, விதி என்று பெயர் பெற்றவற்றுள் எவை வேறொரு ஊரில் வேறாக இருக்கின்றன என்று பிரித்தறிவதே.

தற்செயலுக்கும் இதே வரம்பு பொருந்தும். உயிரணுக்கள் பிளவுறும்போது நேரும் பிழைகளே பல திசுக்களில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பைத் தீர்மானிப்பதாகக் கிறிஸ்டியன் டோமசெட்டி, பெர்ட் வோகல்ஸ்டீன் ஆகியோர் 2015-இல் எழுதியபோது, புற்றுநோய் வெறும் கெட்ட நேரம்தான் என்று செய்தித்தாள்கள் சுருக்கிக்கொண்டன. சிறுகுடலைவிடப் பெருங்குடலில் புற்று ஏன் மிகுதி என்பதற்கு அந்த ஆய்வு விளக்கம் தரலாம். யூட்டாவைவிடக் கென்டக்கியில் ஏன் மிகுதி என்பதற்குத் தராது. உயிரணுப் பிளவின் தற்செயல் இரு மாநிலங்களிலும் ஒன்றே.

தனி ஒருவரைப் பற்றிய கேள்விக்கும் ஒரு வட்டாரத்தைப் பற்றிய கேள்விக்கும் உள்ள வேறுபாட்டை மறந்தால் பிழை இரு திசையிலும் நேர்கிறது. வட்டாரக் கேள்விக்குத் தனிமனித வினையை விடையாக்குவது பழைய பிழை. வட்டாரக் கணக்கைக் கொண்டு தனி ஒருவரைக் குற்றவாளியாக்குவது, சமயம் சாராத, ஆனால் அதே அளவு கொடிய புதிய பிழை. நுரையீரல் புற்றுநோய் என்றதும் புகைத்தீர்களா என்ற கேள்வி முதலில் எழுவதும், புகையே அறியாத பெண்கள் அந்நோயோடு பழியையும் சுமப்பதும் இப்பிழையின் விளைவுகள். ஒழுக்கம் கூட முழுக்கத் தனிமனிதச் சம்பாத்தியம் அன்று என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒருவர் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவை அவர் மீதான அறமதிப்பீட்டைத் தீர்மானிப்பதை அறவியல் அதிர்ஷ்டம் என்று பெர்னார்ட் வில்லியம்சும் தாமஸ் நேகலும் 1976-இல் விவாதித்தனர். புகையிலையைத் தீண்டாத குடும்பத்திலும் ஊரிலும் பிறந்தவர் புகைக்காதிருப்பதற்கும், புகையிலை விற்ற காசில் பள்ளிக்கூடம் போனவர் புகைக்காதிருப்பதற்கும் தேவைப்படும் மன உறுதி ஒன்றல்ல. முன்னவரின் நற்பேறு அவர் சமூகம் தந்தது. அதைத் தம் புண்ணியமாகவும் பின்னவரின் நோயை அவர் பாவமாகவும் கொள்வது நேர்மையாகாது.

தடுக்க வல்ல சாவு தடுக்கப்படாமல் நிகழும் இடத்தில் கேள்வி நீதியின் பக்கம் திரும்புகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மனிதப் பாப்பிலோமா வைரஸ் காரணம் என்பதைக் கண்டறிந்ததற்காக ஹரால்ட் சூர் ஹௌசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார்; தடுப்பூசியும் இருக்கிறது; ஆயினும் 2022-இல் இந்நோயால் இறந்த ஏறத்தாழ 3,50,000 பெண்களில் 94 விழுக்காட்டினர் தாழ்ந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஓரிரு நிமிடங்களில் வெளுக்கும் இடங்களைக் கண்டறிந்தனர். தேவைப்பட்டோருக்கு அவ்விடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் அளிக்கப்பட்டது. சமையலறை வினிகரில் இருப்பதும் அந்த அமிலமே. சோதனை நடந்த ஊர்களில் இந்நோயின் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் முடிவு வெளியாயிற்று.

அதே ஆய்வு ஓர் அறச்சிக்கலையும் விட்டுச்சென்றது. ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட ஊர்களின் பெண்களுக்கு வழக்கமான கவனிப்பே கிடைத்தது. வழக்கமோ பரிசோதனை ஏதும் இல்லாமையே. இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகளைப் பின்னாளில் கண்டித்தவர்கள், பயன் அறிந்த பரிசோதனையை மறுத்துச் சாவை எண்ணுவது முறையன்று என்றனர். ஆய்வின் பக்கம் நின்றவர்கள், எளிய முறை ஏழை ஊரில் பலன் தரும் என்பதற்கு அதுவரை உறுதியான சான்று இல்லை என்றனர். இரு தரப்பும் ஒன்றில் உடன்படவேண்டியிருக்கிறது: அப்பெண்களுக்கு ஒன்றும் கிடைக்காதிருந்த நிலையை ஆய்வாளர்கள் உண்டாக்கவில்லை, அது முன்பே அங்கு இருந்தது, இருந்ததனாலேயே யாருடைய குற்றமாகவும் எண்ணப்படாமல் இருந்தது.

ஆகவே ஊழ் என்னும் கருத்துக்கு இடமே இல்லை என்று இறப்பு வீதங்கள் சொல்லவில்லை. அதன் இடம் எதுவென்று வரையறுக்கின்றன. ஒரே தெருவில் ஒரே வகையாய் வாழ்ந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வந்தது என்று நோயாளியின் வீட்டார் கேட்கும்போது எந்தப் பதிவேடும் விடை தருவதில்லை. அங்கே வினையோ இறைவன் சித்தமோ தற்செயலோ, அவரவர் நம்பிக்கைக்கேற்ற மொழி துயரைத் தாங்க உதவலாம். ஒரு மாவட்டத்தில் ஏன் இத்தனை பேர் என்று கேட்கும்போது அதே மொழியைக் கையாள்வது கடமையிலிருந்து நழுவுவதாகும். வேறோர் ஊரில் குறைந்திருக்கும் சாவு, இவ்வூரிலும் குறையக்கூடிய சாவு. குறைக்கும் வழி தெரிந்த பின்னும் அது குறையாமல் நின்றால், அதை இறந்தவர்களின் வினைக்கணக்கில் எழுத இயலாது. இருப்பவர்களின் கணக்கிலேயே எழுத வேண்டும்.