முதியோர் தொண்டு கற்றறிய வேண்டிய அறம்

முதியோரைப் பேணுதல் அன்பினால் தானே விளைவதா, அன்றிப் பயின்று பெறவேண்டிய திறமா? செவிலியர் கல்லூரியில் சேரும் இளைஞரை நோக்கி, "மனத்தில் இரக்கம் இருந்தால் போதும், மற்றவை தாமே வரும்" என்று கூறுவோர் பலர். இக்கூற்று கேட்பதற்கு இனியது. ஆயினும் பகவன் புத்தர் காட்டிய நெறி இதுவன்று.

விநய பிடகத்து மகாவக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. வயிற்றுக்கடுப்பால் வருந்திய பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே வீழ்ந்து கிடந்தார். அவரால் பிறர்க்குப் பயனொன்றும் இன்மையால் ஏனையோர் அவரைக் கவனியாது விட்டனர். பகவர் தாமே நீர் வார்க்க, ஆனந்தர் உடலைக் கழுவினார். தலைப்புறம் பகவரும் காற்புறம் ஆனந்தரும் தாங்கிக் கட்டிலில் கிடத்தினர். பயனற்றவர் என்று ஒதுக்கப்பட்டவரை முதலில் தீண்டிய கை எவருடையது என்பதை அன்பர்கள் சிந்திப்பாராக.

அவ்விடத்தே நோயாளியைப் பேணுவோர்க்குரிய ஐந்து தகுதிகளும் கூறப்படுகின்றன: மருந்தை முறைப்படி அமைத்தல், ஒத்தது ஒவ்வாதது அறிதல், ஊதியங் கருதாது மைத்திரியுடன் பேணுதல், மலசலம் எச்சில் முதலியவற்றை அகற்ற அருவருப்புக் கொள்ளாமை, தக்க காலத்தில் அறவுரையால் தேற்றுதல். இவ்வரிசையில் அறிவு முன்னிற்கிறது. அன்பு மூன்றாவதாகவே வருகின்றது. அறிவில்லா அன்பு நோயாளிக்குத் தீங்காகவும் முடியும் அன்றோ?

முதியவர்க்குக் காய்ச்சலின்றியும் கிருமி நோய் முற்றலாம். உடலில் நீர் வற்றியும் தாகம் தோன்றாதிருக்கலாம். சிறுநீரகம் தளர்ந்தமையால், இளைஞர்க்கேற்ற மருந்தளவு அவர்க்கு நஞ்சாகலாம். படுக்கையிற் கிடப்பவரைக் காலந்தோறும் புரட்டாவிடில் புண் உண்டாகும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டு டாக்டர் வி. எஸ். நடராசன் முதியோர் மருத்துவத்தைத் தனித்துறையாகத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு மேற்பட்டப் படிப்பும் தோன்றியது. மருத்துவர்க்குத் தனிக்கல்வி வேண்டுமெனின், இரவெல்லாம் கட்டிலருகே நிற்கும் செவிலியர்க்கு வேண்டாவோ?

அருவருப்பின்மையும் பயிற்சியால் வருவதே. பதினெட்டு வயது மாணவி முதன்முறை முதியவரின் மலத்தைக் கழுவுங்கால் முகஞ்சுளித்தல் குற்றமன்று. ஆசிரியர் தாமும் உடன் நின்று கழுவிக் காட்டுதலே மருந்து. பகவர் செய்ததும் அதுவே. "தொடாதே" என்ற சொல்லின் கொடுமையை முன்னோர் வழியே அறிந்தவர் நாம். முதுமையுற்ற உடலும் ஒருவகைத் தீண்டாமைக்கு உள்ளாவதைக் கண்டு வாளாவிருத்தல் நமக்குத் தகுமோ?

தேற்றுதற்கு மொழி வேண்டும். பெங்களூரில் அல்சூரை அடுத்த நம் ஜோகுபாளையத்தில் தமிழ் பேசும் முதியோர் பலர். இந்நகரில் செவிலியர் கல்வி பயில வருவோரோ கேரளத்தினரும் வடகிழக்கு மாநிலத்தவருமாகப் பலர். நினைவு அழியும் நோயுற்ற முதியவர் பிற்காலத்திற் கற்ற மொழிகளை மறந்து, தாய்மொழி ஒன்றையே பற்றி நிற்பதுண்டு. "வலிக்கிறதா? பசிக்கிறதா? பயமா?" என்னும் மூன்று வினாக்களையேனும் மாணவர் தமிழிலும் கன்னடத்திலும் கற்பாராயின், அது பெருந்தொண்டாம். அவற்றைக் கற்பிக்க நம் இல்லங்களின் பாட்டிமாரே ஏற்ற ஆசிரியர்.

ஊதியங் கருதாமை என்பதைக் காட்டிச் செவிலியரின் கூலியைக் குறைக்க நினைப்போரும் உளர். இறந்த பிக்குவின் பாத்திரத்தையும் சீவரத்தையும் அவரைப் பேணியவர்க்கே சங்கம் அளிக்குமாறு விதித்தவரும் பகவரே. ஆசையின்றித் தொண்டாற்றுதல் செவிலியர் கடன். அவரை வறுமையில் விடாமை சமுதாயத்தின் கடன். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தல் தம்மமாகாது.

மூப்பைக் கண்டே சித்தார்த்தர் சிந்தனையுற்றார். அம்மூப்பு அவரையும் விடவில்லை. எண்பதாம் வயதில் அவர் திருமேனி தளர்ந்தபோது ஆனந்தர் உடனிருந்தார். நமக்கும் அந்நாள் வரும். அன்று நம் கட்டிலருகே நிற்கப்போகும் மாணவர் இன்று கல்லூரியில் இருக்கின்றார். அவர்க்குக் கல்வியும், மதிப்பும், உரிய ஊதியமும் கிடைக்கச் செய்வதே நாம் இன்று ஆற்றவேண்டிய நற்கருமமாகும்.